மண், நீர் வளப் பாதுகாப்புத் திட்டங்களின் நீண்டகாலத் தாக்க மதிப்பீடு

மண், நீர் வளப் பாதுகாப்புத் திட்டங்களின் நீண்டகாலத் தாக்க மதிப்பீடு என்பது, மண் அரிப்பைத் தடுக்கவும் மழைநீரைத் தேக்கவும் மேற்கொள்ளப்பட்ட பணிகள், அவை முடிந்து பல ஆண்டுகள் கடந்த பின்னர் நிலம், நீர், விளைச்சல், மக்கள் வாழ்க்கை ஆகியவற்றில் எத்தகைய மாற்றத்தை விளைவித்துள்ளன என்பதை அளந்தறியும் முறையாகும். சம உயர வரப்பு, தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, பண்ணைக் குட்டை, ஏரி தூர்வாருதல், மரம் நடுதல் போன்றவை இத்திட்டங்களில் அடங்கும். எத்தனை தடுப்பணைகள் கட்டப்பட்டன, எவ்வளவு பணம் செலவாயிற்று என்று கணக்கெடுப்பது கண்காணிப்பு எனப்படும். அத்தடுப்பணைகளால் உண்மையில் என்ன மாறியது, அம்மாற்றம் நிலைத்ததா, அது யாருக்குப் பயன்பட்டது என்று ஆராய்வதே தாக்க மதிப்பீடு ஆகும்.

இக்கட்டுரை இம்மதிப்பீட்டின் தேவை, முறைகள், இந்தியாவில் இதன் வரலாறு ஆகியவற்றையும், தமிழ்நாட்டின் தெள்ளார், ஆரணி வட்டாரத்தை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நடந்த ஆய்வுகள் இத்துறைக்கு அளிக்கும் படிப்பினைகளையும் விளக்குகிறது.

பின்னணி

மண் இழப்பு மெதுவாக நிகழ்வது. இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 533 கோடி டன் மண் அரிக்கப்படுவதாகவும், இது எக்டேருக்குச் சராசரியாக 16.4 டன் என்றும் துருவ நாராயணா, ராம்பாபு ஆகியோர் 1983இல் மதிப்பிட்டனர். ஒரு எக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் கனமுள்ள மண்படலத்தின் கன அளவு 10 கன மீட்டர் ஆகும். அதன் எடை சுமார் 13 டன். எனவே எக்டேருக்கு 16.4 டன் இழப்பு என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.25 மில்லிமீட்டர் மண் குறைவதற்குச் சமம். இதை ஓராண்டில் உழவர் எவரும் கண்ணால் காண இயலாது. இருபது ஆண்டுகளில் இது 25 மில்லிமீட்டர் ஆகிறது. மேல்மண்ணே சில அங்குலங்கள் மட்டுமுள்ள செம்மண் மானாவாரி நிலத்தில் இது பெரிய இழப்பாகும்.

அரிப்பு மெதுவாக நிகழ்வதைப் போலவே, அதைத் தடுப்பதன் பயனும் மெதுவாகவே வெளிப்படும். மாறாக, புதிதாகக் கட்டிய தடுப்பணையில் முதல் மழையிலேயே நீர் தேங்கி நிற்பது உடனே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அத்தடுப்பணை ஐந்தாண்டுகளில் வண்டலால் நிரம்பிவிடக் கூடும். கரை உடைந்தும் போகலாம். ஆகவே திட்டம் முடிந்த ஆண்டில் செய்யப்படும் மதிப்பீடு, மெதுவாக வரும் பயன்களைக் குறைத்தும், விரைவில் மறையும் பயன்களை மிகைப்படுத்தியும் காட்ட வாய்ப்புள்ளது. நீண்டகால மதிப்பீட்டின் தேவைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

இந்தியாவில் திட்டங்களும் மதிப்பீடும்

தமிழகத்தில் நீர்நிலைகளைப் பேணுவது மிகப் பழைய மரபாகும். வந்தவாசிக்கு வடகிழக்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் (919, 921) கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. ஏரியின் வண்டலை அகற்றுவதற்காகவே பொன்னும் நிலமும் அறக்கட்டளையாக வைக்கப்பட்டதைப் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஒருமுறை வெட்டியதோடு ஏரியின் பணி முடிவதில்லை, அதன் பராமரிப்புக்கு நிலையான வருவாய் வேண்டும் என்ற புரிதல் இவற்றில் வெளிப்படுகிறது.

விடுதலைக்குப் பின் நடுவண் அரசின் திட்டங்கள் பின்வரும் படிநிலைகளில் வளர்ந்தன.

* 1954 - உதகமண்டலம், பெல்லாரி உள்ளிட்ட இடங்களில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன.
* 1973-74 - வறட்சிப் பகுதி மேம்பாட்டுத் திட்டம்.
* 1977-78 - பாலைவன மேம்பாட்டுத் திட்டம்.
* 1990-91 - மானாவாரிப் பகுதிகளுக்கான தேசிய நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டம்.
* 1995 - அனுமந்தராவ் குழுவின் (1994) பரிந்துரைப்படி பொது வழிகாட்டு நெறிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. சுமார் 500 எக்டேர் பரப்புள்ள நுண் நீர்வடிப்பகுதி திட்ட அலகானது.
* 2003 - அரியாலி நெறிமுறைகள் ஊராட்சிகளுக்குப் பொறுப்பளித்தன.
* 2006 - பார்த்தசாரதி தலைமையிலான தொழில்நுட்பக் குழு, திட்டக் காலத்தை நீட்டிக்கப் பரிந்துரைத்தது.
* 2008 - புதிய பொது நெறிமுறைகள். திட்டக் காலம் 4 முதல் 7 ஆண்டுகள். செலவு வரம்பு சமவெளியில் எக்டேருக்கு 12,000 ரூபாய்.
* 2009-10 - ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டம். இது 2015இல் பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் ஓர் அங்கமாக்கப்பட்டது.
* 2021 - நீர்வடிப்பகுதிக் கூறின் இரண்டாம் கட்டம். செலவு வரம்பு சமவெளியில் எக்டேருக்கு 22,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

2008ஆம் ஆண்டு நெறிமுறைகள் திட்ட நிதியில் 1 விழுக்காட்டைக் கண்காணிப்புக்கும் 1 விழுக்காட்டை மதிப்பீட்டுக்கும் ஒதுக்கின. இந்நிதி திட்டக் காலத்துக்குள் செலவிடப்பட வேண்டியது. திட்டம் முடிந்து பத்தாண்டுகள் கழித்து அதே ஊருக்குத் திரும்பிச் சென்று அளப்பதற்கு இதில் இடமில்லை. இதனால் நீண்டகால மதிப்பீடுகள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆகியவற்றின் தனி முயற்சிகளாகவே அமைந்தன.

மதிப்பிடப்படும் கூறுகள்

தாக்க மதிப்பீட்டில் பொதுவாகப் பின்வருவன அளக்கப்படுகின்றன.

* மண்: எக்டேருக்கு ஆண்டு மண் இழப்பு, மேல்மண் ஆழம், கரிமப் பொருளின் அளவு, தடுப்பணையிலும் ஏரியிலும் படிந்த வண்டலின் கனம்.
* நீர்: மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீர்மட்டம், கிணற்றில் நீர் நிற்கும் மாதங்கள், ஓடையில் நீரோடும் நாட்கள், ஏரி நிரம்பிய ஆண்டுகளின் எண்ணிக்கை.
* வேளாண்மை: பாசனப் பரப்பு, பயிர்ச்செறிவு, விளைச்சல், பயிர் மாற்றம்.
* வாழ்க்கை: வேலை நாட்கள், கூலி, தீவனம், விறகு, குடிநீருக்காக நடக்கும் தொலைவு, வெளியூருக்குப் பிழைக்கச் செல்வோர் எண்ணிக்கை.
* கட்டுமானம்: கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் ஆகியவற்றின் இன்றைய நிலை.
* நிறுவனம்: நீர்வடிப்பகுதிச் சங்கம் இன்னும் கூடுகிறதா, பராமரிப்பு நிதி உள்ளதா, பழுதுபார்ப்பது யார்.

இவற்றுள் கடைசி இரண்டும் திட்டம் முடிந்த பின்னரே சோதிக்கத்தக்கவை. புயல், பெருமழை போன்றவையும் கட்டுமானங்களுக்கு ஒரு சோதனையாக அமைகின்றன. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது, தெள்ளாருக்குத் தெற்கே விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய மழையைக் கரைகளும் கலங்கல்களும் தாங்கினவா என்பதை அதற்குப் பிந்தைய களஆய்வே கூற இயலும்.

மதிப்பீட்டு முறைகள்

முன்-பின் ஒப்பீடு

திட்டத்திற்கு முன்பு எடுத்த அடிப்படைக் கணக்கெடுப்பையும் பின்பு எடுத்த கணக்கெடுப்பையும் ஒப்பிடுவது எளிய முறையாகும். இதன் பெருங்குறை மழை. தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 50 விழுக்காட்டுக்கு மேல் மிகுந்து பெய்தது. அடுத்த ஆண்டு, 2016இல், அதே பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2015 முடிவில் அளக்கப்பட்ட திட்டம் வெற்றியாகவும், அதே திட்டம் 2016 முடிவில் அளக்கப்பட்டால் தோல்வியாகவும் தோன்றும். இரண்டும் திட்டத்தைப் பற்றிய செய்திகள் அல்ல, மழையைப் பற்றிய செய்திகளே.

இரட்டை வேறுபாட்டு முறை

இக்குறையை நீக்க, திட்டம் நடைபெறாத, ஆனால் மண், மழை, பயிர் ஆகியவற்றில் ஒத்த ஓர் ஊரும் ஒப்பீட்டுக்காக அளக்கப்படுகிறது. திட்ட ஊரில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து ஒப்பீட்டு ஊரில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்தால் எஞ்சுவது திட்டத்தின் பங்கு எனக் கொள்ளப்படும். கீழ்க்காணும் எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட கற்பனை எண்களே. கோடையில் கிணற்று நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழத்தில் உள்ளது என்பதை இவை குறிக்கின்றன.

மழை மிகுந்த ஆண்டில் அளந்தால்:
* திட்ட ஊர்: முன்பு 14.0, பின்பு 12.0 (2.0 மீட்டர் உயர்வு)
* ஒப்பீட்டு ஊர்: முன்பு 13.0, பின்பு 11.5 (1.5 மீட்டர் உயர்வு)
* திட்டத்தின் பங்கு: 0.5 மீட்டர் உயர்வு

வறட்சி ஆண்டில் அளந்தால்:
* திட்ட ஊர்: முன்பு 14.0, பின்பு 15.0 (1.0 மீட்டர் தாழ்வு)
* ஒப்பீட்டு ஊர்: முன்பு 13.0, பின்பு 16.5 (3.5 மீட்டர் தாழ்வு)
* திட்டத்தின் பங்கு: 2.5 மீட்டர் தாழ்வு தவிர்க்கப்பட்டது

முதல் நிலையில் நீர்மட்டம் உயர்ந்தும் திட்டத்தின் பங்கு சிறியது. இரண்டாம் நிலையில் நீர்மட்டம் தாழ்ந்தும் திட்டத்தின் பங்கு பெரியது. ஒப்பீட்டு ஊர் இன்றி இவ்வுண்மையைக் காண இயலாது. எனினும் ஒப்பீட்டு ஊரைத் தேர்வதில் கவனம் தேவை. அது திட்ட ஊருக்குக் கீழே அதே ஓடையில் அமைந்திருந்தால், மேலே தேக்கிய நீரால் அதன் வரத்துக் குறைந்திருக்கும். அவ்வாறாயின் ஒப்பீடே பிழையாகிவிடும்.

இணை நீர்வடிப்பகுதி முறை

அருகருகே உள்ள, ஒத்த தன்மையுடைய இரு சிறு நீர்வடிப்பகுதிகளைச் சில ஆண்டுகள் எவ்வித மாற்றமுமின்றி அளந்து, இரண்டின் நீரோட்டத்திற்கும் உள்ள தொடர்பு முதலில் நிறுவப்படுகிறது. பின்னர் ஒன்றில் மட்டும் மாற்றம் செய்து, மற்றதை அப்படியே விட்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்கப்படுகிறது. இது செலவும் பொறுமையும் மிகுதியாகத் தேவைப்படும் முறை. தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நீலகிரி ஆய்வாகும் (கீழே காண்க).

தொலையுணர்வு

1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களும், 1988 முதல் இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களும், 2015 முதல் சென்டினல்-2 செயற்கைக்கோளும் எடுத்த படங்கள் உள்ளன. அடிப்படைக் கணக்கெடுப்பு நடத்தப்படாத ஊருக்கும் பழைய படங்களைக் கொண்டு பின்னோக்கி ஒரு கணக்கெடுப்பை உருவாக்க இயல்வது இம்முறையின் சிறப்பு. ஆயினும் படத்தில் தெரியும் பசுமையெல்லாம் பயிர் அன்று. ஏரிப் படுகையில் மண்டிய சீமைக் கருவேலமும், மானாவாரி நிலத்தில் நட்ட தைல மரமும் பசுமைக் குறியீட்டை உயர்த்திக் காட்டும். கள ஆய்வுடன் சரிபார்க்காத படக்கணக்கு, பராமரிப்பின்றிக் கைவிடப்பட்ட ஏரியைப் பசுமை மிகுந்த ஏரியாகக் காட்டிவிடக் கூடும்.

பங்கேற்பு மதிப்பீடு

ஊர் மக்களே தரையில் வரைபடம் வரைந்தும், ஆண்டுவாரியாக நிகழ்வுகளைப் பட்டியலிட்டும், கூழாங்கற்களால் மதிப்பெண் இட்டும் மாற்றங்களைக் கூறும் முறை இது. அடிப்படைக் கணக்கெடுப்பு இல்லாத இடங்களில் மக்களின் நினைவே சான்றாகிறது. இம்முறையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவரான ராபர்ட் சேம்பர்சு, 1970களில் வட ஆற்காடு ஊர்களில் பாசனம் குறித்து ஆராய்ந்தவர்.

செலவு-பயன் பகுப்பாய்வு

எதிர்காலத்தில் வரும் பயனை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்து செலவுடன் ஒப்பிடுவது இம்முறையாகும். 10 விழுக்காடு தள்ளுபடியில், 20 ஆண்டுகள் கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 15 ரூபாய். 4 விழுக்காடு தள்ளுபடியில் அது சுமார் 46 ரூபாய். கட்டுமானத்தின் ஆயுளும் இக்கணக்கில் முடிவை மாற்றக்கூடியது. எடுத்துக்காட்டாக, எக்டேருக்கு 10,000 ரூபாய் செலவிட்டு ஆண்டுக்கு 1,500 ரூபாய் பயன் கிடைப்பதாகக் கொள்வோம். தள்ளுபடி 10 விழுக்காடு எனில், பயன் 5 ஆண்டுகள் நீடித்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 5,690 ரூபாய். 15 ஆண்டுகள் நீடித்தால் சுமார் 11,410 ரூபாய். அதாவது பயன்-செலவு விகிதம் முதல் நிலையில் 0.57, இரண்டாம் நிலையில் 1.14. திட்டம் இலாபமா நட்டமா என்பதைத் தீர்மானிப்பது அப்பயன் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதே. திட்ட அறிக்கையில் இது ஓர் ஊகமாக இடம்பெறுகிறது. நீண்டகால மதிப்பீடு அவ்வூகத்தின் இடத்தில் அளவீட்டை வைக்கிறது.

வட ஆற்காடு: தெள்ளார், ஆரணி வட்டாரம்

தெள்ளார், திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் உள்ள ஊர். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் ஆகும். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் 9ஆம் நூற்றாண்டில் பாண்டியரை வென்ற தெள்ளாற்றுப் போரால் இவ்வூர் வரலாற்றில் அறியப்படுகிறது. இதற்கு வடமேற்கே பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி நகரம் உள்ளது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை இவ்வட்டாரம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. நெல், கரும்பு, வட்டார வழக்கில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை ஆகியவை இங்கு விளையும் பயிர்கள். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் இணைந்த வேளாண்மை இங்குள்ளது. ஏரியில் நீர் நின்றால் ஆயக்கட்டில் உள்ள கிணறுகளும் ஊறும். ஆகவே ஏரியின் நிலையை அளக்காமல் கிணற்றை மட்டும் அளப்பதோ, கிணற்றை விடுத்து ஏரியை மட்டும் அளப்பதோ முழுமையான மதிப்பீடாகாது.

நீண்டகால மதிப்பீட்டுக்கு இன்றியமையாத பழைய கணக்கெடுப்புகள் இம்மாவட்டத்துக்கு அரிதாகக் கிடைத்துள்ளன. கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1973-74இல் வட ஆற்காட்டின் 12 ஊர்களை ஆராய்ந்தனர். இவ்வாய்வு, பி. எச். ஃபார்மர் பதிப்பித்த நூலாக 1977இல் வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து, பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இவற்றுள் 11 ஊர்களில் மறு கணக்கெடுப்பு நடத்தின. பீட்டர் ஹேசல், சி. இராமசாமி ஆகியோரின் நூல் 1991இல் வெளியானது. மறு கணக்கெடுப்பின் முதல் ஆண்டான 1982-83 வறட்சி ஆண்டாக அமைந்தது. அதனால் 1983-84இல் மீண்டும் கணக்கெடுக்கப்பட்டு, அவ்வாண்டே 1973-74உடன் ஒப்பிடப்பட்டது. வறட்சி ஆண்டோடு நிறுத்தியிருந்தால் பத்தாண்டு மாற்றம் குறித்துக் கிடைத்திருக்கும் முடிவு வேறாக இருந்திருக்கும்.

1990களில் பார்பரா ஹாரிஸ்-ஒயிட், எஸ். ஜனகராஜன் முதலியோர் ஆரணி அருகிலுள்ள மூன்று ஊர்களில் மூன்றாம் சுற்று ஆய்வை நடத்தினர். இதன் கட்டுரைகள் 2004இல் நூலாயின. ஆரணி நகரத்தின் நாற்பதாண்டு மாற்றங்கள் குறித்த ஹாரிஸ்-ஒயிட்டின் தொகுப்பு நூல் 2016இல் வெளிவந்தது. இவை மண் பாதுகாப்புத் திட்டங்களை மதிப்பிட எழுந்த ஆய்வுகள் அல்ல. பசுமைப் புரட்சி, ஊரகப் பொருளாதார மாற்றம் ஆகியவற்றைப் பற்றியவை. எனினும் இவ்வட்டாரத்தில் நடைபெறும் எந்த மண், நீர்த் திட்டத்தை மதிப்பிடுவோரும் கருத்தில் கொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் இவற்றில் உள்ளன.

முதலாவது, நிலத்தடி நீர். மின் இறைப்பிகள் பெருகியதும், வேளாண்மைக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டதும், கிணறுகளைப் போட்டியிட்டு ஆழப்படுத்தும் நிலையை உருவாக்கின. ஆழப்படுத்தப் பணமில்லாதோரின் கிணறுகள் வறண்டு கைவிடப்பட்டன. நீர்மட்டம் இவ்வாறு தொடர்ந்து தாழும் வட்டாரத்தில், ஒரு தடுப்பணை ஊறச்செய்யும் நீர் முழுவதும் கூடுதலாக இறைக்கப்பட்டுவிடலாம். அப்போது நீர்மட்டத்தை மட்டும் அளப்பவர் தடுப்பணையால் பயனில்லை என்பார். பாசனப் பரப்பை மட்டும் அளப்பவர் பெரும்பயன் என்பார். இறைக்கப்பட்ட அளவையும் சேர்த்து அளந்தாலன்றி உண்மை புலப்படாது.

இரண்டாவது, தறி. ஆரணியின் பட்டு நெசவு சுற்றுப்புற ஊர்களுக்கும் பரவி, வேளாண்மை சாராத வருமானத்தையும் வேலையையும் அளித்தது. இத்தகைய ஊரில் குடும்ப வருமானம் உயர்ந்தது என்பதை மட்டும் கொண்டு அங்கு நடந்த நீர்வடிப்பகுதித் திட்டம் வெற்றி பெற்றது எனக் கூற இயலாது. வருமானம் வரப்பிலிருந்து வந்ததா, தறியிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். ஒப்பீட்டு ஊரைத் தேர்வோர் மண்ணும் மழையும் ஒத்திருப்பதோடு, தறிகளின் எண்ணிக்கையும் நகரத் தொலைவும் ஒத்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டியுள்ளது.

பிற்காலத்தில் இம்மாவட்டத்தில் பல திட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடைபெற்றன. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் முதற்கட்டமாகத் தொடங்கப்பட்ட 200 மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. ஏரி, குளம், வரத்துக்கால் தூர்வாருதல் அத்திட்டத்தின் முக்கியப் பணிகளாயின. தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியுடன் நீர்வள நிலவளத் திட்டம் 2007இல் தொடங்கியது. குடிமராமத்துப் பணிகள் 2017 முதல் மீண்டும் மேற்கொள்ளப்பட்டன. ஒரே ஏரியில் பல திட்டங்களின் பணி நடந்துள்ள நிலையில், பயனை எத்திட்டத்தின் கணக்கில் சேர்ப்பது என்பது மதிப்பீட்டாளருக்குத் தீராத சிக்கலாகிறது. எந்த ஆண்டு, எந்த இடத்தில், எவ்வளவு வேலை நடந்தது என்னும் பதிவு ஏரிவாரியாக இருந்தால் மட்டுமே இதைப் பிரித்தறிய முடியும்.

குறிப்பிடத்தக்க நீண்டகால ஆய்வுகள்

நீலகிரி

உதகமண்டலம் ஆராய்ச்சி நிலையம், கிளென்மார்கன் பகுதியில் இரண்டு சிறு நீர்வடிப்பகுதிகளை 1968 முதல் அளந்துவந்தது. 1972இல் ஒன்றின் புல்வெளியில் 59 விழுக்காடு பரப்பில் தைல மரம் (யூக்கலிப்டசு) நடப்பட்டது. மற்றது இயற்கையாக விடப்பட்டது. முதல் பத்தாண்டு மரச்சுழற்சியில் (1972-81) ஓடைநீர் வரத்து ஆண்டுச் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டியபின் தளிர்த்த இரண்டாம் சுழற்சியில் (1982-91) குறைவு 25.4 விழுக்காடாயிற்று. மரம் நடுவது எங்கும் நீர்வளத்தைப் பெருக்கும் என்ற பொதுக் கருத்துக்கு இம்முடிவு மாறானது. முதல் சுழற்சியோடு ஆய்வு நிறுத்தப்பட்டிருந்தால், வேர் ஊன்றித் தளிர்த்த மரங்கள் மேலும் மிகுதியாக நீரை உறிஞ்சுவது தெரியாமலே போயிருக்கும்.

கூன் கிரீக், அமெரிக்கா

விசுகான்சின் மாநிலத்தின் கூன் கிரீக், 1933இல் அமெரிக்க அரசின் முதல் மண் பாதுகாப்பு முன்மாதிரிப் பகுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸ்டான்லி திரிம்பிள் என்னும் புவியியலாளர் 1853 முதல் 1993 வரையான வண்டல் கணக்கை ஆராய்ந்தார். பள்ளத்தாக்கில் வண்டல் படியும் வேகம் 1930களில் இருந்ததில் சுமார் 6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஆயினும் ஓடை தன் வாயில் வெளியேற்றிய வண்டலின் அளவு நெடுங்காலம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. முற்காலத்தில் பள்ளத்தாக்கில் தேங்கிய மண்ணே தொடர்ந்து அடித்துச் செல்லப்பட்டது இதற்குக் காரணம். ஆற்றின் வாயில் மட்டும் அளந்திருந்தால் இத்திட்டம் பயனற்றது என்ற தவறான முடிவே கிடைத்திருக்கும்.

மச்சாக்கோசு, கென்யா

1930 முதல் 1990 வரையான மாற்றங்களை மேரி டிஃபன், மைக்கேல் மார்டிமோர், பிரான்சிசு கிச்சுகி ஆகியோர் ஆராய்ந்து 1994இல் நூலாக வெளியிட்டனர். மக்கள்தொகை ஐந்து மடங்குக்கும் மேல் பெருகியபோதும் மண் அரிப்பு குறைந்திருந்ததை அவர்கள் கண்டனர். உழவர்கள் தம் நிலத்தில் தாமே படிக்கட்டு வரப்புகளை அமைத்ததும், சந்தை வாய்ப்புகள் வளர்ந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இந்தியத் தொகுப்பாய்வுகள்

பி. கே. ஜோஷி முதலியோர் 311 நீர்வடிப்பகுதி ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், சராசரிப் பயன்-செலவு விகிதம் 2.14 எனவும், உள் ஈட்டு வீதம் 22 விழுக்காடு எனவும் கண்டனர். விகிதம் 0.82 முதல் 7.06 வரை வேறுபட்டது. இடைநிலை மதிப்பு 1.81. சில மிகச் சிறந்த திட்டங்கள் சராசரியை உயர்த்துவதை இவ்வேறுபாடு காட்டுகிறது. ஜான் கெர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, மகாராட்டிரம், ஆந்திரப் பிரதேசம் ஆகியவற்றின் 86 ஊர்களைத் திட்டம் நடைபெறாத ஊர்களையும் சேர்த்து ஒப்பிட்டது. மக்கள் பங்கேற்புடன் நடந்த திட்டங்கள் சிறப்பாக அமைந்ததையும், கிணறும் நிலமும் உடையோர் மிகுந்த பயன் பெற்றதையும், பொது மேய்ச்சல் நிலம் அடைக்கப்பட்டதால் ஆடு மேய்ப்போர் போன்றோர் இழப்புக்கு உள்ளானதையும் அது பதிவு செய்தது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

* தேர்ந்தெடுப்புச் சார்பு: வெற்றி பெற்ற ஊர்களே மிகுதியாக ஆராயப்படுகின்றன. தோல்வியுற்ற திட்டத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதப்படுவது குறைவு. ஆகவே தொகுப்பாய்வுகளின் சராசரி, உண்மை நிலையைவிட உயர்ந்திருக்க வாய்ப்புள்ளது.
* கீழ்மடை ஊர்களின் இழப்பு: தமிழ்நாட்டு ஏரிகள் பல சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு நீர் வரும். மேற்பகுதியில் தடுப்பணைகள் பெருகினால் கீழ் ஏரி நிரம்பும் ஆண்டுகள் குறையலாம். ஒரு நுண் நீர்வடிப்பகுதியின் எல்லைக்குள் மட்டும் அளக்கும் மதிப்பீடு, பிறரிடமிருந்து எடுத்த நீரைப் புதிதாகக் கிடைத்த நீராகக் கணக்கிட்டுவிடும்.
* சராசரி மறைப்பது: ஊரின் சராசரி வருமானம் உயரும்போதே, கிணறில்லாதோர், நிலமற்றோர், விறகும் தீவனமும் சேகரிக்கும் பெண்கள் ஆகியோரின் நிலை தாழலாம். எனவே பயன்கள் பிரிவுவாரியாகப் பதிவு செய்யப்பட வேண்டும்.
* மதிப்பீட்டாளரின் சார்பு: திட்டத்தை நடத்தும் அமைப்பே மதிப்பீட்டாளரையும் அமர்த்தும்போது முடிவுகளின் நடுநிலை ஐயத்திற்கு உள்ளாகிறது. மகாராட்டிரத்தின் சலயுக்த சிவார் திட்டத்தில் (2014-2019) 9,633.75 கோடி ரூபாய் செலவிடப்பட்டும், நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவதில் அது சிறிதளவே பயனளித்ததாக இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2020இல் அறிக்கை அளித்தார். தனி அமைப்பின் தணிக்கை வேறுபட்ட முடிவைத் தரக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.
* பதிவுகள் தொலைதல்: அடிப்படைக் கணக்கெடுப்பு, கட்டுமான இடங்களின் வரைபடம், அளந்த கிணறுகளின் பட்டியல் ஆகியவை திட்ட அலுவலகம் மூடப்படும்போது தொலைந்து போகின்றன. பத்தாண்டுகளுக்குப் பின் அதே கிணற்றை அடையாளம் காண இயலாவிட்டால் ஒப்பீட்டுக்கு வழியில்லை. வட ஆற்காட்டு ஊர்களை மீண்டும் மீண்டும் ஆராய முடிந்ததற்கு, முதல் ஆய்வின் ஊர்ப்பட்டியலும் கணக்கெடுப்பு முறையும் நூலாக வெளியிடப்பட்டிருந்தது முக்கியக் காரணமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஏரிப் பாசனம்
* குடிமராமத்து
* நீர்வடிப்பகுதி
* மண் அரிப்பு
* நிலத்தடி நீர்
* உத்திரமேரூர் கல்வெட்டுகள்
* தெள்ளாற்றுப் போர்
* ஆரணி